எளியவர்க்கு நலமான வீடு

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு இட்ட பெயர்கள் இவை. படுவான்கரையின் உட்பகுதியில், மண்முனை மேற்குப் பிரிவில் அமைந்திருப்பது உன்னிச்சை. அங்குள்ள பெருங்குளத்தின் பெயரே ஊருக்கும் வழங்குகிறது. அக்குளத்து நீர் வாய்க்கால்களின் வழியே வயல்களில் பாய்கிறது. சுத்திகரிக்கப்பட்டபின் குழாய்களின் வழியே மட்டக்களப்பு நகர மக்களின் தாகத்தையும் தீர்க்கிறது. நெல்லும் நீரும் தரும் இந்த நாட்டுப்புறத்தில், அவற்றைத் தருகின்ற மக்கள் எத்தகைய வீட்டில் உறங்குகின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க கேள்வியாகும்.

1990ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த போர்க்காலத்தில் இப்பகுதியின் தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் ஊர்களை விட்டு அகல நேர்ந்தது. 2007ஆம் ஆண்டில் கிழக்கிலே போர் ஓய்ந்தபின் பலர் திரும்பி வந்தனர். வயல் இருந்தது, கிணறு தூர்ந்திருந்தது, வீடு இருந்த இடத்தில் புதர் மண்டியிருந்தது. கம்பு நட்டு, வரிச்சுக் கட்டி, களிமண் அப்பி, மேலே கிடுகோ தகரமோ வேய்ந்து அவர்கள் மீண்டும் வாழத் தொடங்கினர்.

மண்வீட்டை இகழ்தல் தகாது. அது வெயிலில் குளிர்ச்சி தருவது. குடும்பத்தாரும் அயலாரும் கூடிச் சில நாட்களில் எழுப்பக்கூடியது. காசு மிகுதியாக வேண்டாதது. ஆயினும் உடல்நலத்தை நோக்க அதற்குச் சில குறைகள் உண்டு. களிமண் காய்ந்து வெடிக்கும்போது சுவரிலே இடுக்குகள் தோன்றுகின்றன. இரவில் இரை தேடும் கட்டுவிரியன் அவற்றின் வழியே உள்ளே புகும். தரையில் பாய் விரித்து உறங்குவோரை அது கடித்தால், பல வேளைகளில் வலியே தோன்றுவதில்லை. விடியுமுன் மூச்சுத் திணறல் கண்டபின்னரே விடம் ஏறியது தெரிய வருகிறது. இலங்கையின் உலர்வலயத்தில் ஆண்டுதோறும் நிகழும் இத்துன்பத்திற்கு மருந்து மருத்துவமனையில் உண்டு; தடுப்போ வீட்டின் சுவரிலும் தரையிலும் இருக்கிறது. இடுக்கில்லாத சுவர், பூசப்பட்ட தரை, இடைவெளியின்றிப் பொருந்தும் கதவு, நிலத்தினின்றும் உயர்ந்த கட்டில் ஆகியவை அத்தடுப்புகளாகும்.

இரண்டாவது குறை புகை. ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கும் வீட்டில் விறகடுப்பின் புகை வெளியேற வழியில்லை. தாயும் மடியிலுள்ள குழந்தையும் நாள்தோறும் அதனைச் சுவாசிக்கின்றனர். குழந்தைகளுக்குக் காணும் சளிச்சுரம், முதியோரின் நெஞ்சுநோய் ஆகியவற்றிற்கு வீட்டுப்புகை ஒரு முக்கிய காரணம் என உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்தி வருகிறது. குசினியைத் தனியே பிரித்து, புகைபோக்கியும் எதிரெதிர் யன்னல்களும் வைத்தலே இதற்குப் பரிகாரம்.

மூன்றாவது வெள்ளம். வடகீழ்ப் பருவமழை மிகும்போது உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும். தாழ்ந்த பகுதிகளில் நீர் பரவும். 2011 சனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் கண்ட பெருவெள்ளத்தை மக்கள் மறந்திலர். நீரில் ஊறிய மண்சுவர் சரிந்து விழுகிறது. குழி மலசலகூடம் நிரம்பிக் கிணற்று நீருடன் கலந்தால், வெள்ளம் வடிந்தபின் வயிற்றோட்டம் வருகிறது. எனவே அத்திவாரத்தை உயர்த்துவதும், மலசலகூடத்திற்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியேனும் விடுவதும் இன்றியமையாதன.

நான்காவது, பிற நாட்டார் எண்ணியும் பார்க்க இயலாத ஒன்று. அறுவடை செய்த நெல்லை வீட்டினுள் அடுக்கிவைப்பது உழவர் வழக்கம். அந்த மணத்தை நாடிக் காட்டுயானை வருகிறது. உறங்குபவரின் தலைமாட்டில் உள்ள சுவரை அது இடித்துத் தள்ளுகிறது. படுக்கும் அறையையும் நெல் வைக்கும் இடத்தையும் வேறாக்குதல் இங்கே உயிர்காக்கும் கட்டடக்கலையாகும்.

நலமான வீட்டின் இலக்கணம் இவ்வாறு தெளிவாகவே உள்ளது. அதனை எளியவர் எய்துவது எங்ஙனம் என்பதே சிக்கல். 'வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்' என்பது பழமொழி. பிற இடங்களில் இவை இரண்டு பாடுகள். மட்டக்களப்பில் இரண்டும் ஒன்றே. அங்கே மகளின் திருமணத்திற்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படுகிறது. மருமகன் பெண்வீட்டிற்கு வந்து வாழ்கிறான். ஆதலால் வீடில்லாமை ஒரு தலைமுறையின் வெயில் மழைத் துன்பத்தோடு நிற்பதில்லை. அடுத்த தலைமுறையின் வாழ்வையும் தடுத்து நிறுத்துகிறது.

இத்தேவையை இலாப நோக்கற்ற அமைப்புகள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதற்கு ஹபிட்டாட் போர் ஹியூமானிட்டி என்னும் அமைப்பின் பணியைச் சான்றாகக் கொள்ளலாம். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், அமெரிக்கஸ் என்னும் சிற்றூரில், மில்லர்ட் புல்லர், லிண்டா புல்லர் தம்பதியர் இதனைத் தோற்றுவித்தனர். வீடு பெறும் குடும்பம் தன் உடலுழைப்பை அதில் இடவேண்டும். வீட்டின் விலையை இலாபமின்றிச் சிறிது சிறிதாகத் திருப்பித் தரவேண்டும். அப்பணம் அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குச் செல்லவேண்டும் என்பது அதன் தொடக்க நெறி. நம் நாட்டில் 1958ஆம் ஆண்டில் ஏ. ரி. ஆரியரத்தின தொடங்கிய சர்வோதய இயக்கத்தின் சிரமதானமும் கூட்டுழைப்பையே அடிப்படையாகக் கொண்டது. எனவே வெளிநாட்டிலிருந்து வந்த இக்கருத்து இலங்கைக் கிராமத்திற்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

போருக்குப்பின் இந்திய அரசு 50,000 வீடுகளுக்கு உதவ முன்வந்தது. முதற்கட்டமாக 1,000 வீடுகள் கட்டப்பட்டன. வடக்கு கிழக்கு மாகாணங்களுக்கான இரண்டாம் கட்டம் 2012 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்தநாளில், தொடங்கியது. அதனை நிறைவேற்றிய அமைப்புகளுள் ஹபிட்டாட்டும் ஒன்று. இத்திட்டத்தின் முறை கருதத்தக்கது. ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுத்த வீட்டின் திறவுகோலைக் குடும்பம் பெற்றுக்கொள்வதன்று அது. புதிய வீட்டிற்கு 5,50,000 ரூபாய் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் தவணைகளாக இடப்பட்டது. அத்திவாரம் முடிந்ததைத் தொழில்நுட்ப அலுவலர் பார்த்து ஒப்பியபின் அடுத்த தவணை வரும். சுவர் எழும்பியபின் மற்றொன்று. கூரை ஏறியபின் இறுதித் தவணை. மேசனை அமர்த்துவதும், மணலுக்கு விலை பேசுவதும், யன்னல் எத்திசையில் அமைய வேண்டும் எனத் தீர்மானிப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. கணவனை இழந்த பெண்கள் பலர் கட்டடக் கணக்கைத் தாமே எழுதி, வேலையைத் தாமே மேற்பார்த்து முடித்தனர்.

எனினும் இம்முறையில் ஒரு முள்ளும் இருந்தது. ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தபோது மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் விலையேறின. கொடுத்த பணம் கூரைக்கு எட்டாத குடும்பங்கள் நகையை ஈடு வைத்தன. வட்டிக்குக் கடன் வாங்கின. வீடு முடிந்தது; கடன் முடியவில்லை. வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் தவணைக்காரர் மட்டக்களப்புக் கிராமப் பெண்களின் பெருங்கவலையாயினர். இதிலிருந்து கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. விலை குறைந்த வீடு எல்லாம் எளியவர்க்கு ஏற்ற வீடாகிவிடாது. கட்டி முடித்தபின் குடும்பம் கடனாளியாகாமல் இருக்குமாயின், அதுவே எளியவர்க்கு ஏற்ற வீடு. சோற்றைக் குறைத்து வட்டி கட்டும் குடும்பத்திற்கு எந்தச் சுவரும் நலம் தராது.

செலவைக் குறைக்கும் வழி எங்கே என ஆராய்ந்தவர்களுள் லோரி பேக்கர் முதன்மையானவர். 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007ஆம் ஆண்டில் மறைந்த கட்டடக் கலைஞர் அவர். ஒரு வீடு அதனைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களால் ஆகவேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்தை அவர் தம் வாழ்நாள் நெறியாகக் கொண்டார். அக்கேள்வியை உன்னிச்சையில் எழுப்பினால் விடை என்ன? செங்கல் உண்டு, ஆனால் சூளைக்கு விறகு வேண்டும், விறகுக்குக் காடு வேண்டும். காடு அழிந்தால் யானை ஊருக்குள் வருகிறது. மணல் உண்டு, ஆற்றில் அளவுக்கு மீறி அள்ளினால் கரை இடிகிறது. எஞ்சி நிற்பது காலடியில் உள்ள மண்.

மண்ணையே சுடாமல் கல்லாக்கும் முறை ஒன்று உண்டு. தென்னமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1950-களில் இதற்கெனக் கையால் இயக்கும் அழுத்துப்பொறி உருவாக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஆரோவில்லில் 1989ஆம் ஆண்டு முதல் இயங்கும் மண்கட்டட நிறுவனம் இக்கலையை மேலும் வளர்த்துப் பலருக்குப் பயிற்றி வருகிறது. செய்முறை எளிது. பயிர் விளையும் மேல்மண் இதற்கு ஆகாது. அதனை நீக்கி, அடியிலுள்ள மணலும் கிறவலும் அளவான களியும் கலந்த மண்ணை எடுத்துச் சலிக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு வரை சீமெந்து சேர்த்து, பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரமாக்க வேண்டும். பின்னர் அச்சிலிட்டு அழுத்தினால் கல் தயார். நிழலில் அடுக்கி, மூடி, நான்கு கிழமை வரை ஈரம் காக்க வேண்டும். சூளை இல்லை; விறகு இல்லை. கல் ஒரே அளவாக இருப்பதால் சாந்து குறைவாகவே செலவாகிறது, வெளிப்பூச்சும் கட்டாயமில்லை. ஊர் இளைஞர்களே கல் அரிந்து கூலி பெறலாம். ஆனால் மழைச்சாரல் படாதபடி கூரையின் இறவாரம் நீண்டிருக்க வேண்டும். அத்திவாரம் நிலமட்டத்திற்கு மேல் நன்கு உயர்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் மறந்தவர்க்கு மண்கல் பயன்படாது.

ஹபிட்டாட் அமைப்பும் வேர்ல்ட் விஷன் அமைப்பும் இணைந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன், 2016ஆம் ஆண்டு முதல் மட்டக்களப்பு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஏறத்தாழ 2,500 குடும்பங்களுக்கென ஒரு வீட்டுத்திட்டத்தை மேற்கொண்டன. அழுத்திய மண்கல்லை அதிலே பயன்படுத்தினர். சுவரை மட்டும் நோக்காமல் குடும்பத்தின் பிழைப்பையும் உடன்நோக்குவது அத்திட்டத்தின் கருத்தாயிற்று. முன்னைய அனுபவம் கற்பித்த பாடம் வீண்போகவில்லை என்பதற்கு இஃது அடையாளம்.

அதே காலத்தில் வேறொரு வழியும் முன்மொழியப்பட்டது. வடக்கு கிழக்கிற்கு 65,000 உருக்கு வீடுகளைப் பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் கொண்டுவந்து பொருத்தலாம் என அரசு எண்ணியது. ஒரு வீட்டின் விலை சுமார் 21 இலட்சம் ரூபாய் எனக் கூறப்பட்டது. அதனிற் பாதி அளவு செலவிலேயே கல்வீடு கட்டலாமே எனவும், உருக்கு வீடு வெப்பமான நாட்டிற்கு ஏலாது எனவும், ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலையின்றிப் போகும் எனவும் பொறியியல் அறிஞரும் மக்கள் அமைப்புகளும் மறுத்தனர். அத்திட்டம் எண்ணியபடி நிறைவேறவில்லை. வீட்டுக்கெனச் செலவாகும் பணம் ஊருக்குள் சுழல்கிறதா, ஊரைக் கடந்து செல்கிறதா என்னும் கேள்வி அன்று தெளிவாக எழுந்தது.

இனி, வீடு எவர் பெயரில் என்பது. பெண்ணுக்கே வீடு என்பது மட்டக்களப்பின் பழைய வழக்கம் என முன்னரே கூறப்பட்டது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப்பின் கரையோரக் குடும்பங்கள் சீதன வீடுகளைப் பற்றியே பெரிதும் கவலையுற்றதை டெனிஸ் மக்கில்வ்றே, பட்ரிசியா லோரன்ஸ் ஆகிய மானிடவியல் அறிஞர் ஆராய்ந்து எழுதியுள்ளனர். உதவிப் படிவங்களிலோ 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் ஆணின் பெயர் ஏறிவிடுகிறது. குடியேற்றத் திட்டங்களின் காணிச் சட்டமும் இதற்கு விலக்கன்று. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதபோது, மகளுக்கு முன் மகனை நிறுத்தியது. 2022ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே ஆண் பெண் வேறுபாடு நீங்கியது. மனைவியின் உழைப்பாலும் அவள் தாய்தந்தையர் நிலத்தாலும் எழுந்த வீடு காகிதத்தில் அவளுக்கு அந்நியமாதல் கொடுமை. பெண் பெயரிலோ இருவர் பெயரிலோ பதிவு செய்ய இயலுமா என்பதை அத்திவாரம் வெட்டுமுன் பிரதேச செயலகத்தில் கேட்டறிதல் நன்று.

உதவி அமைப்புகள் வரும். திட்டம் முடிந்ததும் செல்லும். அவை விட்டுச் செல்லவேண்டிய செல்வம் கல் அரியத் தெரிந்த கைகளும், கணக்கு எழுதத் தெரிந்த பெண்களும், அடுத்த வீட்டைத் தாமே எழுப்பவல்ல ஊரும் ஆகும். 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளை வாரிச் சென்றபோது, மறுநாள் முதல் கம்பும் கிடுகும் தேடி எழுந்தவர்கள் அவ்வூர் மக்களே. அந்த முயற்சிக்குச் சீரான சுவரும், புகையற்ற குசினியும், கடனற்ற கணக்கும் துணைசேர்ந்தால், உன்னிச்சையின் நெல்லை விளைவிப்போர் அச்சமின்றி உறங்குவர். அவர்தம் பெண்மக்களுக்குக் கொடுக்க ஒரு வீடும் இருக்கும்.