அப்பாவின் நூலும் ராமானுஜனின் சிலேட்டும்

கணக்கு என்றாலே நம்மில் பலருக்கு அரியர்தான் ஞாபகம் வரும். எனக்கும் முதல் செமஸ்டரில் ஒன்று விழுந்தது. நமக்கும் கணக்குக்கும் ஆகாது என்று நினைத்து, அந்த லீவில் கச்சிராயபாளையத்தில் அப்பாவோடு கொத்து வேலைக்குப் போனேன்.

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். கட்டடத்துக்கு மூலை பிடிக்க ஒரு நூலில் 3 அடியும், குறுக்கு நூலில் 4 அடியும் அளந்து குறி வைப்பார். இரண்டு குறிக்கும் இடையே 5 அடி வந்தால் மூலை சரி. குறைந்தால் நூலை விரிப்பார், கூடினால் ஒடுக்குவார்.

"இது பிதாகரஸ் தேற்றம்ப்பா" என்றேன்.

"அவரு எந்த ஊரு மேஸ்திரி?" என்றார்.

சரியாக வந்தால் போதாதா, நிரூபணம் எதற்கு? போதையனார் பெயரில் ஒரு வழி சொல்வார்கள். நீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, அகலத்தில் பாதியைக் கூட்டினால் மூலைவிட்டம். 4, 3க்கு 5 வருகிறது. 12, 5க்கு 13 வருகிறது. ஆனால் 10 அடிச் சதுர அறைக்கு 13.75 அடிதான் வரும். உண்மையில் சுமார் 14.14 அடி. ஏறக்குறைய நாலே முக்கால் அங்குலம் தப்பு! இரண்டு இடத்தில் சரியாக வந்தது மூன்றாவது இடத்தில் கவிழ்க்கும்.

மேதைகளுக்கும் இதே கதிதான். எஃப்.ஏ. தேர்வில் தோற்ற ராமானுஜன், காகிதம் வாங்க வசதியின்றி சிலேட்டில் கணக்குப் போட்டவர். 1913இல் ஹார்டிக்கு எழுதியபோது பகா எண்கள் பற்றி அவர் சொன்னது தவறு. ஹார்டி நிரூபணம் கேட்டார். பிறகு இருவரும் சேர்ந்து, ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்பதற்கு 1918இல் சூத்திரம் வெளியிட்டார்கள். 200க்கு விடை 39,72,99,90,29,388. மக்மஹோன் கையால் போட்ட கணக்கும் அதுவே. ஆகவே கணக்கு வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒருவர் சொல்ல, ஒருவர் சந்தேகப்பட, மூன்றாமவர் சரிபார்க்க வளர்ந்தது.

அன்று சாயங்காலம் மணலில் 7 அடிச் சதுரம் போட்டேன். நான்கு மூலையிலும் 3, 4 அடி முக்கோணங்கள். ஒன்று 6 சதுர அடி, நான்கும் சேர்ந்து 24. மொத்தம் 49இல் அதைக் கழித்தால், நடுவில் சாய்ந்து நிற்கும் சதுரம் 25. அப்படியென்றால் அதன் பக்கம் 5! எந்த அளவு போட்டாலும் இதே வழி நிற்கும். அதுதான் நிரூபணம்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "முப்பது வருஷமா அளக்கறேன். அதனாலதான் அஞ்சா?" என்றார்.

நண்பர்களே, அந்த அரியரை நான் மறுபடி எழுதப் போகிறேன். இந்தத் தடவை பயமில்லை. கணக்கு எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.