அணுவால் ஓடும் கப்பல்கள்

டீசலுக்காக உழவு இயந்திரங்கள் நாட்கணக்கில் வரிசை கட்டி நின்ற 2022ஆம் ஆண்டை மறவாத கண்டாவளைக் கமக்காரருக்கு, ஒருமுறை எரிபொருள் இட்டால் ஆண்டுக்கணக்கில் ஓடும் யந்திரம் ஒன்று உண்டென்றால், அது தேவலோகத்துச் சங்கதியாகவே தோன்றும். ஆயினும் அத்தகைய யந்திரம், நமக்குக் கடலுக்கு அப்பாலுள்ள கல்பாக்கத்தில், 2006ஆம் ஆண்டிலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் கரையில் அமைத்த அந்த மாதிரி உலையை ஒத்ததொன்றே, 2009இல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பெற்ற 'அரிஹந்த்' நீர்மூழ்கியை உந்துகின்றது. யுரேனிய அணுக்கள் பிளக்கும்போது பிறக்கும் உஷ்ணம் நீரை ஆவியாக்க, ஆவி சுழலியைச் சுழற்ற, கப்பல் நகர்கிறது. எரிவதொன்றும் இல்லாமையால் காற்றும் வேண்டியதில்லை.

யுத்தக் கப்பலுக்கு வாய்த்த இச்சக்தி ஆகாய விமானத்துக்கும் வர்த்தகக் கப்பலுக்கும் வாய்க்குமா? விமானத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கதிர்வீச்சைத் தடுக்கும் கவசத்தின் பாரமே அதற்கு எமனாயிற்று. 1955 முதல் 1957 வரை அமெரிக்கர் ஒரு குண்டுவீச்சு விமானத்தில் அணு உலையை ஏற்றி 47 முறை பறந்தார்கள் என்பது மெய்யே. ஆனால் உலை வெறும் பிரயாணியாகவே சென்றது, விமானத்தை உந்தியது வழக்கமான எண்ணெய்தான். 1961இல் கென்னடி அத்திட்டத்தையே கைவிட்டார்.

கடலோ பாரத்தைப் பொருட்படுத்துவதில்லை. எனவே அமெரிக்காவின் 'சவன்னா' 1962இல் யாத்திரை தொடங்கி நன்றாகவே ஓடிற்று. ஆயினும் செலவுக்கேற்ற வருவாய் கிட்டாமையால் பத்தாண்டுக்குள் ஓய்வு பெற்றது. ஜேர்மனியின் 'ஒட்டோ ஹான்' 1979இல் தன் உலையை இழந்தது.

ஜப்பானின் 'முட்சு'வின் கதைதான் விசித்திரமானது. 1974இல், சிப்பி வளர்த்தும் மீன் பிடித்தும் பிழைத்த கரையோர மக்களின் எதிர்ப்பை மீறி, அக்கப்பலை நடுக்கடலுக்குக் கொண்டுபோய் உலையை இயக்கியபோது, கவசத்தின் இடுக்குகளால் கதிர்வீச்சு கசியக் கண்ட மாலுமிகள், போரான் கலந்த சோற்றைக் குழைத்து அவ்விடுக்குகளை அடைக்க முற்பட்டார்களாம். சோற்றுக்கு இப்படியொரு உபயோகம் உண்டென்பதை நெல் விளைவிக்கும் நாமே அறிந்திலோம்! கசிவு அற்பமானதே, ஆனால் மீனவர் துறைமுக வாயிலை மறித்தமையால் கப்பல் வாரக்கணக்கில் கடலிலேயே தங்க நேர்ந்தது. பொறியியலாளர் கவசத்தைச் சீர்செய்தார்கள். அக்கரையோர மக்களுடைய சம்மதமோ முன்கூட்டிக் கிட்டியிருக்கவில்லை.

எஞ்சியிருப்பவை ருஷியாவின் பனியுடைக்கும் கப்பல்கள். 1959 முதல் வட துருவக் கடலில் அவை உழைத்து வருகின்றன. ஆங்கே துறைமுகமும் அரசினது, நஷ்டமும் அரசினது.