ஒரு மேஜரின் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது?

போரில் உயிர்விட்டவரை மும்பை நினைவில் வைக்கும் வழக்கமான இடம் 'சௌக்' எனப்படும் தெருச் சந்தி. கவுன்சிலர் முன்மொழிவார், மாநகராட்சி ஒப்புக்கொள்ளும், வீரர் வளர்ந்த தெருமுனையில் பலகை ஏறும். ஆகஸ்ட் 15 அன்று மாலை போடுவார்கள். மற்ற நாட்களில் ஆட்டோக்காரரிடம் வழி சொல்ல உதவும். அதுவும் ஒரு மரியாதைதான் என்பேன்.

அப்படி உயிர்விட்டவர்களில் மும்பைத் தமிழர்கள் உரிமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய பெயர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1946இல் மும்பையில் பிறந்தவர். மாட்டுங்காவில் தென்னிந்தியர்கள் 1932இல் தொடங்கிய எஸ்.ஐ.இ.எஸ். அமைப்பின் பள்ளியில் படித்தார். அதன் சயான் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1972இல் சென்னையில் பயிற்சி முடித்து மகார் ரெஜிமெண்டில் சேர்ந்தார்.

1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போர் மூண்டது. நவம்பர் 25 இரவு, தேடுதல் முடித்துத் திரும்பிய பரமேஸ்வரனின் அணியைப் புலிகள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். அவர் சுற்றிப்போய்ப் பின்னாலிருந்து மடக்கினார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டுவிட்டு, உயிர் பிரியும்வரை உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார் என்கிறது அவருக்கு அளிக்கப்பட்ட பரம்வீர் சக்ரா விருதின் குறிப்பு. அமைதிப்படையில் இந்த உச்ச வீர விருதைப் பெற்றவர் இவர் ஒருவரே.

ஆனால் தமிழ் மண்ணில், தமிழர் கையால் இறந்த தமிழ் அதிகாரியைத் தமிழர் மேடையில் எப்படிப் பேசுவது? அதே அக்டோபரில்தான் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் அமைதிப்படையால் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னையில் வந்திறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தனி மனிதரின் துணிச்சலுக்கும் அந்தப் படையின் கணக்குக்கும் இடையே தமிழ்ச் சமூகம் இன்னும் தடுமாறுகிறது. தடுமாறாமல் இருந்தால்தான் வியப்பு.

இந்தத் தயக்கம் ராணுவத்துக்கு இல்லை. சென்னையில் ராணுவக் குடியிருப்பு ஒன்றுக்குப் 'பரமேஸ்வரன் விகார்' என்று பெயர். 2023 ஜனவரியில் அந்தமானில் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேருக்கும் ஆளுக்கொரு தீவின் பெயர் சூட்டப்பட்டபோது அவர் பெயரிலும் ஒரு தீவு வந்தது.

தனியொருவர் பெயரைத் தாண்டிப் பார்த்தால், தில்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்தது 2019இல்தான். அமைதிப்படையில் இறந்த ஏறக்குறைய 1,200 பேரின் பெயர்களைத் தாங்கிய நினைவிடமோ கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையில் 2008இலேயே எழுந்துவிட்டது. கட்டியது, 1989இல் அதே படையை வெளியேறச் சொன்ன இலங்கை அரசு.