காயம்பட்ட ஆண்டு யார் கணக்கில்?

கடலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அண்ணாமலை நகருக்குப் படிக்க வந்த கபடி வீரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர். பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில், ரெய்டு போய்த் திரும்பும்போது முழங்கால் திருகிக்கொள்கிறது. ஸ்கேன் எடுத்ததில் ஜவ்வு கிழிந்திருப்பது தெரிகிறது. அறுவை சிகிச்சை முடிந்து மறுபடி களமிறங்கப் பெரும்பாலும் ஒன்பது மாதமாவது ஆகும். அந்த ஆண்டுப் போட்டி கைவிட்டுப் போகிறது.

கூடவே ஒரு சான்றிதழும் போகிறது. பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டியில் ஆடியவருக்குத் தரப்படும் ‘படிவம் 3’ வெறும் காகிதமல்ல. தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதமும், காவலர் தேர்வில் 10 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. அந்தக் கதவைத் திறக்கும் சாவிகளில் அதுவும் ஒன்று. முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு பிள்ளைகள் களமிறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதி என்ன சொல்கிறது?

பல்கலைக்கழகப் போட்டிகளை நடத்துவது ஏஐயு எனப்படும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம். ஆடுபவர் முழுநேர மாணவராகவும், 17 முதல் 25 வயதுக்குள் இருப்பவராகவும் இருக்க வேண்டும். இந்த வயதுக் கணக்கு பிறந்த தேதியை வைத்து ஓடுகிறது. காலில் கட்டோடு படுத்திருந்த மாதங்களும் அதில் கழிந்துவிடுகின்றன.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வேறு வழி கண்டது. அங்கே முதல்நிலைக் கல்லூரிகளில் ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பது நெடுநாள் விதி. பருவத்தின் முற்பாதியிலேயே, சில ஆட்டங்கள் மட்டும் ஆடிய நிலையில் காயம்பட்டு அந்தப் பருவமே முடிந்துபோனால், மருத்துவச் சான்றின் பேரில் அந்தப் பருவத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள். கருவுற்ற வீராங்கனைக்கும் கூடுதலாக ஓராண்டு கேட்க வழி வைத்தார்கள். கொரோனாவால் பாதிக்கப்பட்ட பருவத்தையும் வீரர்களின் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். கல்லூரி விளையாட்டுக்கு வெளியேயும் இப்படி நடந்தது: டோக்கியோ ஒலிம்பிக் 2021-க்குத் தள்ளிப்போனபோது, 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆண்கள் கால்பந்தில் 24 வயதானவர்களையும் ஆட விட்டார்கள். வீரர் செய்யாத தவறுக்கு அவருடைய வயதைப் பறிக்கக் கூடாது என்ற நியாயம்தான் இவற்றுக்கெல்லாம் அடிப்படை.

உயிருக்கும் ஆபத்து

களத்தில் படும் காயம் ஆட்ட ஆண்டை மட்டும் பறிப்பதில்லை. 2022-இல் பண்ருட்டி அருகே கபடிக் களத்திலேயே ஒரு கல்லூரி மாணவர் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில், சென்னையில் கால்பந்து ஆடிய கல்லூரி மாணவி ஒருவர் மூட்டு ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலை இழந்தார். பின்னர் உயிரையும் இழந்தார். இறுக்கிக் கட்டிய கட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டதே காரணம். அறுவை சிகிச்சைக்குப் பின் பொறுக்க முடியாத வலி, மரத்துப்போதல், விரல்கள் குளிர்ந்துபோதல் அல்லது நிறம் மாறுதல் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே மருத்துவரை அழையுங்கள்.

காயம்பட்டவர் செய்ய வேண்டியவை

1. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அண்ணாமலை நகரிலேயே அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே, எந்த ஆட்டத்தில் அடிபட்டது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘கீழே விழுந்தார்’ என்று மட்டும் எழுதினால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

2. பயிற்சியின்போது அடிபட்டது என்று உடற்கல்வி இயக்குநரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள்.

3. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போகுமானால், தேர்வு எழுதும் முன்பே மருத்துவச் சான்றோடு விலக்கு கேளுங்கள். நீண்ட ஓய்வு தேவை என்றால் படிப்பு இடைவெளிக்கு எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்.

4. கல்லூரிக் கட்டணத்தில் காப்பீட்டுத் தொகை பிடித்திருக்கிறார்களா என்று ரசீதைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கேலோ இந்தியா பயிற்சித் திட்டத்தில் இருப்பவர்கள் அதன் தனிக் காப்பீட்டை விசாரிக்க வேண்டும்.

மறுத்தால்?

கேட்டதைக் கல்லூரி மறுத்தால், அதன் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் முறையிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதில் நியாயம் கிடைக்காவிட்டால், பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். விதியே கண்ணில் படவில்லை என்றால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மாணவிகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.

இந்த வழிகளெல்லாம் படிப்பையும் சிகிச்சைச் செலவையும் காக்கும். இழந்த ஆட்ட ஆண்டைத் திருப்பித் தருவது ஏஐயுவின் கையில் இருக்கிறது. அரசு மருத்துவர் சான்றளித்த காயத்துக்கு ஒருமுறை மட்டும் ஓராண்டு வயது விலக்கு தந்தால் யாருக்கும் நட்டமில்லை. பொய்ச் சான்று வந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தால், மருத்துவக் குழு வைத்துச் சரிபார்க்கட்டும். பல்கலைக்கழகங்கள் இதை எழுத்தில் கேட்க வேண்டும். மாணவர்களும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் கேட்க வைக்க வேண்டும்.

அதுவரை, தம்பி தங்கைகளே, வலியை மறைத்து ஆடாதீர்கள். அடிபட்ட அன்றே எழுதி வாங்குங்கள்.