வளர்ப்பு நாயுடன் விடுமுறைப் பயணம்: உண்ணியும் புழுவும் உடன்வராதிருக்க

கோடை விடுமுறை நெருங்கும்போது பெட்டக வசதி குறித்தும் வெளியூரில் பணம் எடுப்பது குறித்தும் விசாரிக்க வரும் வாடிக்கையாளர்களுள் சிலர், "இம்முறை நாயையும் அழைத்துச் செல்கிறோம்" என்று மகிழ்வுடன் கூறுவதை அண்மைக் காலமாக எங்கள் கிளைகளில் கேட்டு வருகிறோம். வைப்புத்தொகையும் வட்டியும் பற்றியே வழக்கமாக எழுதும் நாங்கள் இவ்விதழில் உண்ணியைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு.

பெங்களூருவில் எங்களுடன் பணியாற்றிய அலுவலர் ஒருவர், குடகிலுள்ள ஒரு காப்பித் தோட்ட விடுதிக்குத் தம் லாப்ரடார் நாயுடன் சென்று நான்கு நாட்கள் தங்கினார். ஊர் திரும்பியபோது நாய் நலமாகவே இருந்தது. பன்னிரண்டாம் நாள் அது உணவைத் தொடவில்லை. வெயிலின் களைப்பு என்று எண்ணி இரு நாட்கள் காத்திருந்தனர். அதற்குள் மூக்கிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியது. பரிசோதனையில் இரத்தத் தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. எர்லிக்கியா என்னும் உண்ணிக் காய்ச்சல் அது. நான்கு வாரங்கள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்த பின்னரே நாய் பழைய நிலைக்குத் திரும்பியது. "அண்மையில் வெளியூர் சென்றீர்களா?" என்று கால்நடை மருத்துவர் கேட்கும்வரை, அந்தப் பயணத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பிருக்கக் கூடும் என்று அக்குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இத்தகைய நோய்களின் இயல்பே அதுதான். உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்தே எர்லிக்கியா தலைகாட்டும். அதற்குள் விடுமுறைப் படங்கள்கூட உறவினர்களைச் சென்றடைந்துவிடுகின்றன.

நம் நாட்டில் நாய்களை மிகுதியாகப் பற்றும் பழுப்பு நிற நாய் உண்ணி, காட்டில்தான் இருக்கும் என்பதில்லை. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆகவே வாரந்தோறும் வெவ்வேறு நாய்கள் தங்கிச் செல்லும் விடுதி அறை, எவ்வளவு தூய்மையாகத் தோன்றினும், ஐயத்துக்குரியதே. இரயிலில் முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியின் தனி அறை முழுவதையும் பதிவு செய்தோர் நாயைத் தம்முடன் வைத்துக்கொள்ளலாம்; ஏனையோரின் நாய்கள் சரக்குப் பெட்டியிலுள்ள நாய்க் கூண்டில் பயணம் செய்கின்றன. அக்கூண்டிற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

புறப்படுவதற்கு இரு வாரங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரைக் காண்பது நன்று. செல்லும் ஊரின் பெயரை அவரிடம் தவறாமல் கூறவேண்டும். முதுகில் இடும் சொட்டு மருந்தாயின், இடுவதற்கு இரு நாட்கள் முன்னும் பின்னும் நாயைக் குளிப்பாட்டலாகாது. மாத்திரையாயின், உண்ணி கடித்த பிறகே அது செயல்படும் என்பதை அறிந்திருக்க வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நாய்களுக்கான பெர்மெத்ரின் மருந்து பூனையின் உயிருக்கே ஆபத்தாகும். கோலி இன நாய்கள் பலவற்றுக்கு ஐவர்மெக்டின் மிகு அளவில் ஒவ்வாது. அண்டை வீட்டார் கூறினார் என்று மருந்துக் கடையில் வாங்கிச் செலுத்துவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மருந்து கொடுத்தாயிற்று என்று கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் இயலாது. பபேசியா என்னும் மற்றொரு உண்ணி நோய் பரவ, உண்ணி பொதுவாக ஓரிரு நாட்களேனும் ஒட்டியிருக்க வேண்டும்; எர்லிக்கியாவோ சில மணி நேரத்திலேயே பரவக் கூடியது. எனவே ஒவ்வொரு மாலையும் காதின் உட்புறம், கழுத்துப் பட்டையின் அடிப்பகுதி, அக்குள், விரலிடுக்கு, வால் அடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி தென்பட்டால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து அகற்றுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் பழைய வழக்கங்கள், இரண்டும் தீங்கே.

இடத்துக்கு இடம் ஆபத்து மாறுபடும். கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் 1957இல் முதன்முதலில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோய், உண்ணியால் மனிதருக்கு வருவது. டிசம்பர் முதல் மே வரை மலைநாட்டுக் காடுகளுக்குள் நாயை உலவ விட்டால், அதன் மயிரில் தொற்றிய உண்ணி நம் படுக்கை அறைக்கே வந்து சேரக் கூடும். இமயமலை ஓடைகளில் நீர் அருந்தும் நாயின் மூக்கினுள் சிறு அட்டை புகுந்துகொள்வதுண்டு. வாரங்கள் கழித்துத் தும்மலும் ஒரு மூக்குத் துளையில் மட்டும் இரத்தமும் வந்தபின்னரே அது தெரியவரும். குடிநீரை வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ எடுத்துச் செல்லுங்கள். வடகிழக்கு மாநிலங்களில் கொசு வழியாக இதயப்புழு பரவுகிறது. அது வளர்ந்து முதிர ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும். தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லும் நாள்வரை, ஊர் திரும்பிய பின்னும், தொடர்ந்து கொடுக்க வேண்டும். கோவா போன்ற கடற்கரைகளில், நாய்க் கழிவு கலந்த மணலில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வாழ்கின்றன. அவை நாயின் உடலில் மட்டுமன்றி, வெறுங்காலுடன் விளையாடும் குழந்தைகளின் தோலிலும் புகுந்து கடும் அரிப்பை உண்டாக்கும். நம் நாயின் கழிவை நாமே அள்ளி அகற்றுவது பிறர் குழந்தைகளுக்கு நாம் செய்யும் காப்பு.

வைப்புத்தொகையின் முதிர்வு நாளைக் குறித்து வைக்கும் பழக்கம் நம் வாடிக்கையாளர்களுக்கு உண்டு. அதே நாட்குறிப்பில் ஊர் திரும்பிய நாளையும் எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து நான்கு வாரங்கள் வரை பசியின்மை, காய்ச்சல், ஈறு வெளுத்தல், சிறுநீர் கருஞ்சிவப்பாதல் இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்க. ஒரு மாதம் கழித்து மலப் பரிசோதனை. வடகிழக்கே சென்றிருந்தால் ஆறு மாதம் கழித்து இதயப்புழுவுக்கான இரத்தப் பரிசோதனை. வளர்ப்புப் பிராணிக் காப்பீடு எடுத்திருப்போர், உண்ணி நோய்க்கான செலவு அதில் அடங்குமா, காத்திருப்புக் காலம் எத்தனை நாள் என்பதைப் புறப்படும் முன்பே பத்திரத்தில் பார்த்துக்கொள்வது நலம். பெரும்பாலோர் அப்பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

அந்த அலுவலர் இவ்வாண்டும் தம் நாயுடன் குடகு சென்று வந்தார். இம்முறை விடுதி அறைக்குள் பெட்டியை வைக்குமுன் கைவிளக்கால் சுவர் இடுக்குகளைப் பார்த்ததாகவும், நாயின் விரிப்பை வீட்டிலிருந்தே கொண்டுசென்று, திரும்பியதும் வெந்நீரில் துவைத்து வெயிலில் இட்டதாகவும் எங்களிடம் கூறினார்.