மெர்டேக்கா: ஒரு சொல்லும் ஓர் அரங்கமும்

கோலா தெர்லாவையும் கோலாலம்பூரையும் ஒரு சொல் இணைக்கின்றது. ‘கோலா’ என்னும் மலாய்ச்சொல் ஓர் ஆறு வேறோர் ஆற்றோடோ கடலோடோ கலக்கும் இடத்தைக் குறிப்பது. நாம் அதனைக் கூடுதுறை என்றும் கழிமுகம் என்றும் வழங்குகிறோம். ஊர்ப்பெயரில் நிலத்தின் வரலாறு தங்குவதுபோலக் கட்டடத்தின் பெயரில் மக்களின் வரலாறு தங்கும். தலைநகரின் மெர்டேக்கா விளையாட்டரங்கம் அதற்குத் தக்க சான்றாகும்.

‘மகர்த்திக’ என்னும் வடசொல் பெருஞ்செல்வமும் ஆற்றலும் உடையவனைக் குறித்தது. அது மலாய் உலகில் ‘மெர்டேக்கா’ எனத் திரிந்து, அடிமையல்லாதவன் என்னும் பொருளை ஏற்றது. டச்சுக்காரர் ஆண்ட பத்தாவியாவில் விடுவிக்கப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழியினரும் இச்சொல்லின் திரிபால் ‘மார்டைக்கர்’ எனப்பட்டனர். இந்தியக் கரைகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். தனிமனிதனின் விடுதலையைக் குறித்த சொல் இருபதாம் நூற்றாண்டில் நாட்டின் விடுதலையைக் குறித்தது.

அரங்கம் 1957 ஆகஸ்டு 30இல் திறக்கப்பட்டது. மறுநாள் காலை துங்கு அப்துல் ரஹ்மான் அங்கே விடுதலைப் பிரகடனத்தை வாசித்து, ‘மெர்டேக்கா’ என ஏழுமுறை முழங்கினார். அந்நாள் தோட்டத் தமிழரின் வாழ்விலும் ஓர் எல்லைக்கோடு ஆயிற்று. அன்றும் அதனையடுத்த ஆண்டுகளிலும் இம்மண்ணிற் பிறந்த குழந்தைகள் பிறப்பாலேயே குடிமக்களாயினர். முன்பே பிறந்தோருட் பலர் அவ்வுரிமையை விண்ணப்பித்துப் பெறவேண்டியிருந்தது. ஒரே வீட்டில் தாய் ஒரு நிலையிலும் சேய் வேறொரு நிலையிலும் நிற்க நேர்ந்தது. விடுதலை என்னும் சொல் அனைவர்க்கும் ஒரே நாளிற் பொருள்படவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வாண்டிலேயே மெர்டேக்கா காற்பந்துப் போட்டியும் தொடங்கிற்று. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக் தகுதியாட்டத்தில் மலேசியா தென்கொரியாவை 2–1 எனும் கணக்கில் வென்றதும் இவ்வரங்கிலேயே. கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம், தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங் போன்றோர் நின்றனர். பல இனத்தார் ஓரணியாய் நின்று பெற்ற வெற்றி அது. ஆப்கானியப் படையெடுப்பை முன்னிட்டு மலேசியா அவ்விழாவைப் புறக்கணித்தமையால் அவ்வணி மாஸ்கோ செல்லவில்லை. எனினும், அன்றைய ஆட்டம் மக்கள் நினைவில் நிலைத்துவிட்டது.

1998இல் புக்கிட் ஜாலில் அரங்கம் எழுந்தபின் பெரும் போட்டிகள் அங்கே சென்றன. மறுமேம்பாட்டுத் திட்டத்தால் அழிவை எதிர்நோக்கிய பழைய அரங்கம், பின்னர் 1957ஆம் ஆண்டு வடிவிற்கே புதுப்பிக்கப்பட்டு, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுடைமைப் பாதுகாப்பு விருதைப் பெற்றது.

சொல்லுக்கும் கட்டடத்துக்கும் பொருள் தருவது வழக்கே. ‘மெர்டேக்கா’ என்பதை விடுமுறை நாளின் பெயராக மட்டும் கற்பித்தல் போதாது. அந்நாளில் தம் குடும்பத்தார் எந்நிலையில் இருந்தனர் என மாணவர் வீட்டு முதியோரைக் கேட்டறிதல் வேண்டும். அச்சொல்லின் வரலாறு அவ்விடத்தில்தான் நிறைவுறும்.