சூரியனைத் துரத்தாத கண்ணாடி

வெயிலைக் குவித்துக் கடும் உஷ்ணத்தை உண்டாக்கும் குழிக்கண்ணாடிகள் சூரியனுடைய பிம்பத்தையே குவியத்தில் விழச் செய்கின்றனவாதலால், மணிக்கு 15 பாகை வீதம் நகரும் சூரியனோடு அவையும் திரும்பியாக வேண்டும். சற்றே பின்தங்கினாலும் பிம்பம் கொதிகுழாயை விட்டு விலகிவிடும். இதற்கென்று மோட்டாரும் பற்சக்கரங்களும் வேண்டும். புழுதியிலும் துருவிலும் முதலில் பழுதாவனவும் அவையே.

ஆயினும் நமக்கு வேண்டியது உஷ்ணமேயன்றிப் பிம்பம் அன்று. அணுத்துகள் ஆராய்ச்சியில் தோன்றும் மங்கலான செரென்கோவ் ஒளியைச் சிதறவிடாமல் சேகரிக்கும்பொருட்டு, 1966-இல் அமெரிக்காவில் ஹின்டர்பெர்கரும் ரோலண்ட் வின்ஸ்டனும் பிம்பத்தைத் துறந்த ஒரு வடிவத்தை வெளியிட்டனர். ஏறக்குறைய அதே சமயத்தில் சோவியத் நாட்டிலும் ஜெர்மனியிலும் விஞ்ஞானிகள் அதனைத் தனித்தனியே கண்டனர். அது சூரிய சக்திக்கும் உதவும் என்று வின்ஸ்டன் 1974-இல் எடுத்துக்காட்டினார்.

அவ்வடிவத்தைச் சற்று நின்று நோக்குவோம். நீண்ட தொட்டி ஒன்று. அகன்ற வாய், குறுகிய அடி, இருபுறமும் கண்ணாடிச் சுவர்கள். ஒவ்வொரு சுவரும் ஒரு பரவளைவின் துண்டு. வலச்சுவரின் குவியம் அடித்தளத்தின் இடவிளிம்பிலும், இடச்சுவரின் குவியம் வலவிளிம்பிலும் அமைந்துள்ளன. அனுமதிக்கப்பட்ட எல்லைக்கோணத்தில் சாய்ந்து வரும் கிரணம் சுவரில் பட்டு எதிர்விளிம்பைச் சரியாகத் தொடுகிறது. அதைவிடக் குறைந்த சாய்வுடையவை யாவும் விளிம்புகளுக்கு இடையே அடித்தளத்தில் வீழ்கின்றன. மிகுந்த சாய்வுடையவையோ சுவர்களில் மோதி மோதி, வந்த வாய்வழியே வெளியேறிவிடுகின்றன. இத்தனை கச்சிதமான கணிதத்தில் ஓர் அழகு இருப்பதை மறுப்பார் இல்லை. குதிரைலாட நண்டின் கண்ணிலுள்ள கூம்புகள் ஏறத்தாழ இதே வடிவின என்று 1975-இல் வின்ஸ்டன் முதலானோர் கண்டறிந்தது என்னைப் பெரிதும் வியக்கவைத்த செய்தி.

இயற்கை இதற்கொரு வரம்பும் விதித்திருக்கிறது. எவ்வளவு அகன்ற வானத்தை ஏற்கிறோமோ அவ்வளவுக்குக் குவிப்பு குறையும். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 பாகை ஏற்கும் தொட்டி, வெயிலை இருமடங்குக்கு மேல் செறிவாக்க இயலாது. தெர்மோடைனமிக்ஸ் விதியே அதைத் தடுக்கிறது. ஆனால் ஆண்டு முழுவதும் சூரியன் வடக்கும் தெற்குமாக ஊசலாடுவது இருபுறமும் 23½ பாகையே ஆதலால், அத்தொட்டியைக் கிழக்கு மேற்காகக் கிடத்தி ஊருக்கேற்பச் சாய்த்து நிறுத்தினால், அயன காலங்களின் காலை மாலை வேளைகள் நீங்கலாகப் பெரும்பொழுதும் அதனைத் தொடவே வேண்டியதில்லை. மேகத்தினூடே சிதறிவரும் ஒளியைச் சூரியனைப் பின்தொடரும் கண்ணாடிகள் இழந்துவிடுகின்றன; அவ்வொளியிலும் ஏறத்தாழப் பாதியை இது பெற்றுக்கொள்கிறது. சுவர்களின் மேற்பகுதி நிமிர்ந்து நிற்பதால் பயன் குறைவு; அதனைப் பெருமளவு வெட்டிவிட்டாலும் குவிப்பு சிறிதே குறைவதால், கண்ணாடிச் செலவும் மிச்சம்.

இருமடங்கு போதுமா என்று ஐயுற வேண்டாம். காற்று நீக்கிய கண்ணாடிக்குழாய்க்குள் உஷ்ணத்தை ஏற்கும் தகட்டை வைத்து, வெளியே இத்தகைய சுவர்களை அமைத்து, கலிபோர்னியாவின் மெர்சட் பல்கலைக்கழகத்தில் வின்ஸ்டன் குழுவினர் 200 பாகை செல்சியஸ் வரையில் உஷ்ணம் பெற்றுள்ளனர். பால் பதனிடவும், துணி வெளுக்கவும், உணவுத் தொழிற்சாலைக்கு நீராவி எழுப்பவும் அதற்கும் குறைந்த உஷ்ணமே போதும்.